எட்டாயிரம் பெக்கரல்: இந்த மண் பாதுகாப்பானது என்று சொல்வது யார்?

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம், டோக்கியோவில் உள்ள ஜப்பான் பிரதமர் அலுவலக வளாகத்துக்குள் இரண்டு கன மீற்றர் மண் கொண்டுவரப்பட்டது. புக்குஷிமா அணு உலை விபத்தின் பின்னர் வீட்டு முற்றங்களிலும் வயல்களிலும் சுரண்டி எடுக்கப்பட்ட மண் அது. அதைக் கீழே போட்டு, மேலே சுத்தமான மண்ணால் மூடினார்கள். "இந்த மண்ணைப் பயன்படுத்தலாம், ஆபத்து இல்லை" என்று நாட்டு மக்களுக்குக் காட்டுவதே நோக்கம்.

இதைப் பிரதமர் அலுவலகத்தில் இருந்து ஆரம்பிக்கவேண்டி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. டோக்கியோவின் ஷின்ஜுக்கு க்யோயென் பூங்காவிலும் அயல் நகரான டொக்கொரொசாவாவிலும் இதே மண்ணைப் பரீட்சார்த்தமாகப் பயன்படுத்தும் திட்டத்தை 2022 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. அங்கு வசிப்பவர்கள் எதிர்த்தார்கள். திட்டம் நின்றது. அரசாங்கத்தின் எண் "பாதுகாப்பு" என்றது. மக்கள் அந்த எண்ணை நம்பவில்லை.

கடந்த சில மாதங்களாக இந்த எண்களின் கதையைத் தேடி வாசித்துவருகிறேன். நான் பௌதிகவியல் படித்தவன் அல்ல. ஆனால், "கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டது, மீள்குடியேறலாம்" என்ற கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொந்தக் காணிக்குள் முதல் அடி வைக்கத் தயங்கிய மனிதர்களுக்கு மத்தியில் வளர்ந்தவன். ஒரு நிலம் பாதுகாப்பானது என்று ஓர் அதிகாரி கையெழுத்திடும்போது அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்ற கேள்வி எனக்குப் புதியதல்ல. வன்னி மண்ணில் கதிரியக்கம் இருக்கிறது என்று நான் இங்கே சொல்லவரவில்லை. அப்படி யாரும் வாசித்துவிட வேண்டாம். பாதுகாப்பு அளவு என்பது எப்படி உருவாகிறது என்பதை, அது பகிரங்கமாக நடந்த ஓர் இடத்தை வைத்து விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இரண்டு அளவைகள்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பெக்கரல் என்பது மண்ணில் இருக்கும் கதிரியக்கத்தின் அளவு. ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை பெக்கரல் என்றோ, ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு இத்தனை பெக்கரல் என்றோ சொல்வார்கள். சீவர்ட் என்பது அந்தக் கதிர்வீச்சு மனித உடலுக்கு ஏற்படுத்தக்கூடிய பாதிப்பின் அளவு. அது பெரிய அலகு என்பதால், அதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட்டும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோசீவர்ட்டும்தான் நடைமுறையில் பயன்படுகின்றன.

பெக்கரல் மண்ணைப் பற்றியது, சீவர்ட் ஆளைப் பற்றியது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போவதற்கு இடையில் பல ஊகங்கள் வேண்டும். அந்த ஆள் எத்தனை மணித்தியாலம் வெளியில் நிற்பார், அவருடைய வீடு மரத்தாலானதா சீமெந்தாலானதா, அந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிடுவாரா, பிள்ளை மண்ணில் விளையாடுமா என்றெல்லாம் யாரோ ஒருவர் மேசையில் இருந்து தீர்மானிக்க வேண்டும்.

பூச்சியம் என்ற அளவு சாத்தியமில்லை என்பதையும் சொல்லவேண்டும். சாதாரண மண்ணிலேயே இயற்கையான பொட்டாசியம்-40 கிலோவுக்குச் சராசரியாக 400 பெக்கரல் அளவில் இருக்கிறது. இயற்கையிலிருந்து மனிதர் ஒருவர் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆகவே, அளவுகோல்கள் எல்லாம் இதற்கு மேலாக எவ்வளவு சேரலாம் என்பதைப் பற்றியவை.

அந்த "எவ்வளவு" என்பதற்கு விஞ்ஞானம் தெளிவான கோடு ஒன்றைக் கீறித் தருவதில்லை. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே புற்றுநோய் அதிகரிப்பைப் புள்ளிவிபரங்களில் பிரித்துக் காண்பது கடினம். ஆனால், அதற்காக ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாமல், அளவு குறையக் குறைய ஆபத்தும் அதே விகிதத்தில் குறைகிறது, எங்கும் முற்றாக மறைந்துவிடுவதில்லை என்று கருதியே சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு தன் பரிந்துரைகளைச் செய்கிறது. இதன்படி எந்த எண்ணை எடுத்தாலும் அது "இதற்குக் கீழே ஆபத்தில்லை" என்று பொருள்படாது. "இவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம்" என்றுதான் பொருள்படும். யார் ஏற்றுக்கொள்வது, யாருக்காக ஏற்றுக்கொள்வது என்பதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஒன்று இருபதான கதை

2011 மார்ச் 11ஆம் திகதி ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பூமியதிர்ச்சியும் சுனாமியும் தாக்கின. புக்குஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் உலைகள் உருகின. வெளியேறிய பொருட்களில் அயடின்-131 எட்டு நாட்களில் பாதியாகிவிடும். சீசியம்-134க்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும். சீசியம்-137க்கு 30 ஆண்டுகள். மழையோடும் பனியோடும் இறங்கிய சீசியம் களிமண் துணிக்கைகளை இறுகப் பற்றிக்கொண்டு மேல் மண்ணில் சில சென்ரிமீற்றருக்குள் தங்கிவிட்டது.

அதுவரை சாதாரண மக்களுக்கு அணு நிலையங்களால் சேரக்கூடிய அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். சர்வதேச ஆணைக்குழு, விபத்து நடந்துகொண்டிருக்கும் அவசர நிலையில் 20 முதல் 100 வரையும், விபத்தின் பின்னான காலத்தில் 1 முதல் 20 வரையும் ஓர் அளவைத் தெரிவுசெய்யலாம் என்று முன்னரே கூறியிருந்தது. ஜப்பான் அரசாங்கம் 20ஐத் தெரிவுசெய்தது. உலையிலிருந்து 30 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த ஈத்தாத்தே கிராமம், விபத்து நடந்து ஒரு மாதத்துக்கும் மேலான பின்னர், ஏப்ரல் 22ஆம் திகதிதான் இந்த அளவின்படி வெளியேற வேண்டிய இடமாக அறிவிக்கப்பட்டது.

இதே 20 பாடசாலைகளுக்கும் வந்தது. ஏப்ரல் 19ஆம் திகதி கல்வி அமைச்சு, பாடசாலை மைதானத்தில் மணித்தியாலத்துக்கு 3.8 மைக்ரோசீவர்ட் வரை இருந்தால் பிள்ளைகள் வழமைபோல விளையாடலாம் என்று அறிவித்தது. இந்த 3.8 எங்கிருந்து வந்தது? ஒரு பிள்ளை நாளுக்கு 8 மணித்தியாலம் வெளியில் நிற்கும், 16 மணித்தியாலம் மர வீட்டுக்குள் இருக்கும், வீட்டுக்குள் கதிர்வீச்சு வெளியில் உள்ளதில் 40 வீதம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊகங்களோடு 365 நாளுக்குப் பெருக்கினால் 20 மில்லிசீவர்ட் வரும். வேண்டுமானால் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கில் பிழை இல்லை. பெரியவர்களை வெளியேற்றுவதற்கு வைத்த எல்லையையே பிள்ளைகள் விளையாடுவதற்கான எல்லையாகவும் வைத்தது சரியா என்பதுதான் கேள்வி.

பிரதமருக்கு ஆலோசனை வழங்குவதற்காக நியமிக்கப்பட்டிருந்த டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தொஷிசோ கொசாகோ ஏப்ரல் 29ஆம் திகதி பதவி விலகினார். கதிரியக்கப் பாதுகாப்புத் துறையிலேயே தன் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். சிறுபிள்ளைகளுக்கு 20 என்ற அளவை ஒரு கல்வியாளனாகவும் மனிதனாகவும் தன்னால் ஏற்க முடியாது என்று ஊடகங்கள் முன்னிலையில் கண்ணீரோடு கூறினார். மே மாதம் புக்குஷிமாவிலிருந்து பெற்றோர் டோக்கியோவுக்கு வந்து கல்வி அமைச்சின் முன்னால் கூடினார்கள். மே 27ஆம் திகதி அமைச்சு, பாடசாலையில் பெறும் அளவை ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குள் கொண்டுவர முயல்வதாகவும், மணித்தியாலத்துக்கு 1 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் உள்ள மைதானங்களில் மேல் மண்ணை அகற்றப் பணம் தருவதாகவும் அறிவித்தது.

ஒரே மாதத்தில் இலக்கு 20இலிருந்து 1 ஆனது. இடையில் புதிய விஞ்ஞானக் கண்டுபிடிப்பு எதுவும் நடக்கவில்லை. பெற்றோர் கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான்.

வயலுக்கு ஓர் எண்

விவசாயிகளுக்கு நெல் விதைப்பதா இல்லையா என்பதை உடனடியாகச் சொல்லவேண்டியிருந்தது. 2011 ஏப்ரல் 8ஆம் திகதி, வயல் மண்ணில் கிலோவுக்கு 5,000 பெக்கரல் சீசியத்துக்கு மேல் இருந்தால் நெல் நடக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. அப்போது அரிசிக்கு இருந்த தற்காலிக எல்லை கிலோவுக்கு 500 பெக்கரல். மண்ணில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அரிசிக்குப் போகும் என்று எடுத்துக்கொண்டால் 500ஐப் பத்தால் பெருக்க 5,000 வரும்.

பெரும்பாலான வயல்களில் பத்தில் ஒரு பங்கை விட மிகக் குறைவாகவே அரிசிக்குப் போனது. எனவே அந்த எண் போதுமான அவதானத்தோடு வைக்கப்பட்டதாகவே தோன்றியது. அறுவடை முடிந்து, ஒக்டோபர் மாதம் மாகாண ஆளுநர் புக்குஷிமா அரிசி பாதுகாப்பானது என்று பிரகடனம் செய்தார். அடுத்த மாதமே புக்குஷிமா நகரின் ஓனாமி பகுதியில் விளைந்த அரிசியில் 630 பெக்கரல் கண்டுபிடிக்கப்பட்டது.

ஏன் இப்படி நடந்தது என்பதை விவசாயம் தெரிந்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். எல்லா மண்ணும் ஒரே மாதிரி இல்லை. களி அதிகமுள்ள மண் சீசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மணற்பாங்கான மண்ணில் அது இலகுவாகப் பயிருக்குப் போகும். பொட்டாசியம் குறைந்த வயலில், பயிர் பொட்டாசியத்துக்குப் பதிலாக அதே குணமுள்ள சீசியத்தை உறிஞ்சும். மண்ணின் பெக்கரலை மட்டும் அளந்தவர்கள் மண்ணின் தன்மையை அளக்கவில்லை.

இதன் பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. வயல்களுக்குப் பொட்டாசியம் உரம் போடப்பட்டது. 2012 ஏப்ரலில் பொதுவான உணவுக்கான எல்லை 500இலிருந்து 100ஆகவும், பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50ஆகவும் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் புக்குஷிமாவில் விளைந்த ஒவ்வொரு அரிசிப் பையும் இயந்திரத்துக்குள்ளால் போனது. ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடிப் பைகள். 2015 அறுவடையில் இருந்து எல்லையைத் தாண்டிய பை எதுவும் இல்லை. புக்குஷிமா அரிசியை மீண்டும் வாங்கவைத்தது மண்ணுக்கு வைத்த அந்த முதல் எண் அல்ல. எண் பிழைத்த இடத்தை ஒத்துக்கொண்டு, பையைப் பையாக அளந்து, முடிவை வெளியிட்டதுதான்.

100உம் 8,000உம்

இனிப் பிரதமர் அலுவலக மண்ணுக்கு வருவோம். வீடுகள், பாடசாலைகள், வயல்களில் மேல் மண்ணைச் சுமார் 5 சென்ரிமீற்றர் வரை சுரண்டி, ஒரு கன மீற்றர் கொள்ளும் கறுப்புப் பைகளில் கட்டி அடுக்கினார்கள். இவ்வாறு சேர்ந்த மண் ஏறத்தாழ 14 மில்லியன் கன மீற்றர். அணு உலையைச் சுற்றி ஓக்குமா, ஃபுத்தாபா ஆகிய இரு ஊர்களிலும் 1,600 ஹெக்டேயர் நிலத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது. இந்த நிலமும் ஒருகாலத்தில் மக்களின் வீடும் வயலும்தான். "இது தற்காலிகம், 30 ஆண்டுகளுக்குள் மண் மாகாணத்துக்கு வெளியே கொண்டுசெல்லப்படும்" என்று சட்டத்தில் எழுதிக் கொடுத்த பிறகே அந்த ஊர்கள் சம்மதித்தன. அந்தக் காலக்கெடு 2045 மார்ச்.

இவ்வளவு மண்ணையும் புதைக்க இடம் கிடைக்காது என்பதால், கிலோவுக்கு 8,000 பெக்கரலும் அதற்குக் குறைவும் உள்ள மண்ணை வீதி, அணைக்கட்டு போன்ற பொது வேலைகளுக்கு அடியில் போட்டு மேலே மூடலாம் என்று 2016இல் சுற்றாடல் அமைச்சு கொள்கை வகுத்தது. சேர்ந்த மண்ணில் நான்கில் மூன்று பங்கு இந்த எல்லைக்குள் வருகிறது.

ஆனால், ஜப்பானின் அணு உலைச் சட்டத்தில் வேறோர் எண் ஏற்கெனவே இருந்தது. உலையை உடைக்கும்போது வரும் கொங்கிரீற்றையும் இரும்பையும் சாதாரணப் பொருளாக மீளப் பயன்படுத்த வேண்டுமானால் சீசியம் கிலோவுக்கு 100 பெக்கரலுக்குள் இருக்கவேண்டும். அப்படியானால், அணு உலைக்குள் இருந்து வரும் பொருளுக்கு 100. விபத்தினால் பாதிக்கப்பட்ட மண்ணுக்கு 8,000. எண்பது மடங்கு.

அமைச்சின் விளக்கம் இதுதான்: 100 என்பது எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல், எவரும் எப்படியும் பயன்படுத்தும் பொருளுக்கானது. ஆண்டுக்கு 0.01 மில்லிசீவர்ட்டுக்கு மேல் யாருக்கும் சேராது என்ற கணக்கில் வந்தது. 8,000 என்பது பொறுப்பான நிறுவனம் ஒன்று கண்காணிக்கும் இடத்துக்கானது. அங்கு வேலை செய்பவருக்கும் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேராது. கணக்கின்படி இரண்டும் சரிதான். சர்வதேச அணுசக்தி முகவரகமும் 2024இல் இந்த அணுகுமுறை தன்னுடைய பாதுகாப்புத் தராதரங்களோடு ஒத்துப்போவதாகக் கூறியது.

எதிர்ப்பவர்கள் கேட்பது வேறு: அந்தக் கண்காணிப்பு எத்தனை வருடத்துக்கு? சீசியம்-137 பத்தில் ஒரு பங்காகக் குறையவே நூறு வருடம் வேண்டும். வெள்ளம் வந்து அணைக்கட்டை அரித்தால்? மூடிய மண்ணை இன்னொரு தலைமுறை தெரியாமல் தோண்டினால்? 8,000 என்ற எண் மண்ணைப் பற்றி மட்டும் பேசவில்லை. அரசாங்கம் நூறு ஆண்டுகளுக்குத் தன் வாக்கைக் காப்பாற்றும் என்பதும் அந்தக் கணக்கின் ஓர் ஊகம். அதை எந்தக் கருவியாலும் அளக்கமுடியாது.

போகும் உரிமை

1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு உக்ரேன் வேறு வழியில் போனது. முதலில் சோவியத் அதிகாரிகள், வாழ்நாள் முழுவதற்கும் 350 மில்லிசீவர்ட் என்ற ஒரே எண்ணைக் கொண்டுவர முயன்றார்கள். உக்ரேனிலும் பெலாரஸிலும் கடும் எதிர்ப்பு வந்ததால் அது நிலைக்கவில்லை. 1991 பெப்ரவரியில் உக்ரேன் இயற்றிய சட்டம் நிலத்தை மண்ணில் உள்ள சீசியத்தின்படி வலயங்களாகப் பிரித்தது. சதுர மீற்றருக்கு 5,55,000 பெக்கரலும் அதற்கு மேலும் இருந்தால் கட்டாயம் வெளியேற வேண்டும். 1,85,000க்கும் 5,55,000க்கும் இடையில் இருந்து, ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேரக்கூடுமானால், வெளியேறுவதா இருப்பதா என்பதை மக்களே தீர்மானிக்கலாம். போக விரும்பினால் அரசு உதவ வேண்டும்.

"ஆபத்து", "பாதுகாப்பு" என்ற இரண்டுக்கும் இடையில் இப்படி மூன்றாவது வகை ஒன்று இருக்கலாம் என்பதே எனக்கு இந்தச் சட்டத்தில் முக்கியமாகப்பட்டது. நிச்சயமில்லாத இடத்தில் முடிவு அந்தக் குடும்பத்திடம் விடப்படுகிறது. நடைமுறையில் இந்தச் சட்டத்துக்குப் போதிய பணம் ஒருபோதும் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மிகக் குறைந்த பாதிப்புள்ள நான்காவது வலயம் 2015 முதல் சட்டத்தில் இருந்தே நீக்கப்பட்டது.

ஜப்பானில் 20க்குக் கீழே என்றால் திரும்பலாம் என்பதே விதி. ஈத்தாத்தே கிராமத்தின் பெரும்பகுதிக்கு 2017 மார்ச் 31ஆம் திகதி வெளியேற்ற உத்தரவு நீக்கப்பட்டது. அதே மாதத்தில், உத்தரவு இல்லாமல் தாங்களாகவே பிள்ளைகளோடு வெளியேறியவர்களுக்கு வழங்கப்பட்ட இலவச வீட்டு உதவியும் நிறுத்தப்பட்டது. யாரையும் கட்டாயப்படுத்தித் திருப்பி அனுப்பவில்லை என்று அரசாங்கம் சொன்னது. உதவியை நிறுத்திவிட்டால் கட்டாயப்படுத்தத் தேவையில்லை என்பது முகாம்களில் நிவாரணம் வெட்டப்பட்ட காலத்தைக் கண்ட எங்களுக்குத் தெரியாததல்ல. வீடுகளைச் சுற்றி 20 மீற்றர் வரையே காடு துப்புரவாக்கப்பட்டது. அப்பால் உள்ள மலைக்காடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. காளானும் காட்டுக் கீரையும் பறித்து வாழ்ந்தவர்களுக்கு வீடு திரும்பியது, காடு திரும்பவில்லை.

ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் ஆனந்த் குரோவர் 2013இல், அளவு 1 மில்லிசீவர்ட்டுக்குக் குறைந்த பின்னரே மக்கள் திரும்பவேண்டும் என்று பரிந்துரைத்தார். 2018இல் இன்னோர் அறிக்கையாளரான பஸ்கட் துன்ஜக், பிள்ளைகளையும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களையும் திருப்பி அனுப்புவதை நிறுத்தும்படி கேட்டார். ஜப்பான் ஏற்கவில்லை. மினாமிசோமா மக்கள் 20 என்ற அளவுக்கு எதிராக 2015இல் தொடுத்த வழக்கு 2021இல் தள்ளுபடியானது.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. எண்ணை மிகக் குறைவாக வைப்பதும் உயிர்களைப் பறிக்கும். புக்குஷிமா மாகாணத்தில் பூமியதிர்ச்சியாலும் சுனாமியாலும் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 1,600 பேர். இடப்பெயர்வின் அலைச்சல், மருத்துவம் தடைப்பட்டமை, தனிமை ஆகியவற்றோடு தொடர்புடையவையென அரசாங்கம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 2,300க்கும் மேல். பெரும்பாலும் முதியவர்கள். வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து தூக்கி பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களும் இதில் அடக்கம். இடப்பெயர்வு எத்தனை முதியவர்களைக் கொண்டுபோனது என்று எங்களுக்கு யாரும் கணக்குக் காட்டத் தேவையில்லை. அதனால்தான், "ஆபத்து இருந்தால் எல்லோரையும் வெளியேற்று" என்பதும் எளிதான பதில் அல்ல. எழுபது வயது அம்மாவுக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரே எண் பொருந்தாது.

மக்கள் கையில் கருவி

அரசாங்கம் பெரும்பாலும் காற்றில் உள்ள கதிர்வீச்சையே அளந்தது. மண்ணை அளக்கவேண்டும் என்று கேட்டவர்கள் தாங்களே அளக்கத் தொடங்கினார்கள். "எல்லோருடைய தரவுத் தளம்" என்று பொருள்படும் பெயருடைய குடிமக்கள் வலையமைப்பு, 2014 முதல் 2017 வரை கிழக்கு ஜப்பானின் 17 மாகாணங்களில் சுமார் 3,400 இடங்களில் மண் எடுத்து, ஒரே முறையில் அளந்து, வரைபடமாக வெளியிட்டது. சில இடங்களில் முடிவு பயந்ததைவிட நன்றாக இருந்தது. சில இடங்களில் மோசமாக இருந்தது. எதுவானாலும், எந்த முற்றத்தில் எவ்வளவு என்று மக்கள் தாங்களே பார்க்க முடிந்தது.

எங்கள் ஊரில் இதற்கு நெருக்கமான அனுபவம் சுன்னாகம்தான். 2014, 2015 காலத்தில் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், ஓர் அறிக்கை கலந்திருக்கிறது என்றது, இன்னோர் அறிக்கை இல்லை என்றது. தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்ட மக்களுக்கு இரண்டு அறிக்கைகளும் பதிலாகவில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு வழங்கும்படி உத்தரவிடும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நிலமோ நீரோ, "பாதுகாப்பான அளவுக்குள் இருக்கிறது" என்று யாராவது ஒரு தாளை நீட்டும்போது கேட்கக்கூடிய கேள்விகள் சில இருக்கின்றன. எதை அளந்தீர்கள், மண்ணையா, காற்றையா, தண்ணீரையா? எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்தில்? இந்த எல்லை யாரை மனதில் வைத்துக் கணக்கிடப்பட்டது. வேலைக்குப் போகும் ஆணையா, மண்ணில் தவழும் குழந்தையையா? இதே பொருளுக்கு வேறு சட்டத்தில் வேறு எண் இருக்கிறதா? அடுத்த அளவீடு எப்போது, யார் செய்வார்கள்? நாங்கள் கொண்டுவரும் ஆளும் கூட நின்று அளக்கலாமா? இருக்க விரும்பாதவருக்கு என்ன ஏற்பாடு?

இவற்றைக் கேட்பதற்குப் பௌதிகவியல் பட்டம் தேவையில்லை. புக்குஷிமாவில் இருந்து கல்வி அமைச்சின் வாசலுக்குப் போன பெற்றோரில் பெரும்பாலானவர்களிடமும் அது இருக்கவில்லை.